உதடு தடிச்ச சங்கு

இல்ல ரெஸ்தி, நீயே சொல்லு, கல்லாப் போன சங்குல என் பேர்ல இருந்தது ஒண்ணே ஒண்ணு... அந்தப் பேரையும் அடிச்சு எடுத்தாத்தான் உனக்குத் தூக்கம் வருமா? உக்காரு உக்காரு, உன் ப்ரொஃபசர் குளிக்கிறாரு, ஆடி அசைஞ்சுதான் வருவாரு. சுராபி சுட்டு வச்சிருக்கேன், தேங்காப்பால் ஆப்பம் சூடா இருந்தாத்தான் ருசி, சாப்பிடு. உன்மேல கோவந்தான், பசியோட அனுப்புற அளவுக்கு இல்ல.

முப்பது வருஷம்மா! ஜாவா பூரா மேட்டைத் தோண்டி, என்னைக்கோ செத்து அழிஞ்ச சங்கு, நத்தைக்கெல்லாம் பேரு வச்சாரு. டிரைவருக்கு ஒண்ணு. ஜீப் குடுத்த ஆபீசருக்கு ஒண்ணு. மழைக்கு ஒதுங்கின வீட்டுக்காரனுக்குக்கூட ஒண்ணு! அந்தச் சேத்துச் சட்டையெல்லாம் துவைச்ச பொண்டாட்டி எனக்கு? ஒண்ணுமில்ல. உப்பில்லாமலே சமைச்சுப் போட்டேன்... அப்புறந்தான் 'நினிங்கே'ன்னு ஒரு சங்குக்கு என் பேரை வச்சாரு. என்னா அழகு தெரியுமா! விரல் நுனி அளவு, வழவழன்னு. தெருவையே கூப்பிட்டு மஞ்சச் சோறு போட்டேன்!

அதே கட்டுரையில எதிர்வீட்டு கொகோம் பேர்லயும் ஒண்ணு. அந்த ஜீப் ஆபீசர் பொண்டாட்டி, விட முடியுமா? அது குண்டா, உதடு தடிச்சு... சரி, நான் ஒண்ணும் சொல்லல.

இப்ப நீ வந்து, ரெண்டும் ஒரே இனந்தான், சின்னது வெறும் குட்டி, வளந்தா அதுக்கும் உதடு தடிக்கும்கிற. அட, சரி! சங்குப் பேரு ரெண்டும் ஒரே கட்டுரையில வெளிவந்ததால, எந்தப் பேரை வேணா நீ நிறுத்தலாமாமே? என்னை நிறுத்தியிருக்கக் கூடாதா? ... ஆமாமா, குட்டியை வச்சு இனத்தை அடையாளம் காட்ட முடியாது, வளந்ததுலதான் தெரியும். படிச்ச பேச்சு! இனி உலகத்துக்கு நான் யாரு? கொகோமோட குட்டி! நேத்து வேலியோரம் நின்னு 'என்ன மகளே, சௌக்கியமா'ங்கிறா. என்னைவிடச் சின்னவம்மா அவ!

என்னது? எந்தச் சங்குக்கு எந்தப் பேருன்னு யாரு முடிவு பண்ணினதா? அவருதான்... அவருதாம்மா. ஏன் அப்படிப் பாக்குற?

சரி. முதல்ல பெருசைத்தான் என் கையில குடுத்தாரு. 'இது முழுசா வளந்தது நினிங், இதுக்கு வச்சாப் பேரு நிக்கும்'னாரு. நான் அந்த உதட்டைப் பாத்தேன். சீ, அசல் கொகோம் ஜாடை, அவளுக்கே வைங்கன்னு தூக்கிக் குடுத்துட்டேன்... நிக்கிறதாம் நிக்கிறது! எனக்கு அழகா இருந்தாப் போதும்னேன், ரெஸ்தி.