மதுஷன் தண்ணீர் கேட்டான்

உங்கள் அம்மாவுக்கு இஞ்சி பிஸ்கட் பிடிக்கும், சுதாகரன் அண்ணா. தேத்தண்ணீரில் தோய்க்கமாட்டார். ஒரு கடி கடித்து, மிச்சத்தைக் கையில் வைத்துக்கொண்டே கதைப்பார். கட்டாரில் இருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்காது. உங்கள் தம்பி மதுஷன் செத்த நாளிலிருந்து கிரானில் உங்கள் வீட்டுக்கு வந்துபோய் அவரோடு இருப்பவள் நான்தான்.

லீவில் வந்திறங்கியதும் என்னைக் கூப்பிட்டு, "அம்மாக்கிட்ட இத ஏன் சொன்னாய், அஜந்தா?" என்று கேட்டீர்கள். கோபமாகத்தான் கேட்டீர்கள். நான் ஆறுதலாகச் சொல்கிறேன்.

நீங்கள் கட்டாரில் கேட்ட அந்தப் பாட்டை மதுஷன் இருக்கும்போதே தொடங்கிவிட்டோம். ஏறாவூரில், ஷாமிலின் வாப்பாவுடைய துணிக்கடைக்கு மேல்மாடியில் நாங்கள் மூவரும் வாசிப்போம். ஷாமில் டிரம்ஸ், நான் பேஸ் கிட்டார், உங்கள் தம்பி கிட்டாரும் குரலும். பாட்டின் நடுவில் அவன் ஓர் இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். "இதுக்குள்ள ஒண்டு வரோணும். என்னெண்டு தெரியா. வந்தா நமக்குத் தெரியும்," என்றான். அன்று பொழுதுபட்டு வீட்டுக்குப் போகையில், உங்கள் மதிலில் இருந்து கூப்பிடு தூரத்தில், வளைவில், றோட்டில் படுத்திருந்த மாட்டில் அவனுடைய மோட்டார் சைக்கிள் மோதியது. விழுந்த கணமே உயிர் போய்விட்டது என்று டொக்டர் சொன்னார். அதை நீங்கள் போனில் கேட்டீர்கள், நான் நேரில் கேட்டேன்.

செத்தவீட்டில் அம்மா அழுதபோது, அந்த வெறுமையான இடத்துக்கு என்ன வரவேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் பதிந்தேன். அதில் பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. உங்களுக்கு அனுப்பவென்று அங்கே பாதிப்பேர் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் பதிவு சரிவரவில்லை. முதலில் வாசலில் கொளுத்திய வெடிச்சத்தம். அதற்குப் பின்னால் யாரோ, "சோடா முடிஞ்சிதா கா?" என்று கேட்கிறார். எவ்வளவு வடிகட்டியும் அந்தச் சோடா போகவில்லை.

"அத விடு. நான் டிரம்ஸால நிரப்புறன்," என்றான் ஷாமில். வாசித்தும் காட்டினான். நன்றாக இருந்தது. நன்றாக இருந்தால் போதுமா?

முப்பத்தோராம் நாள் முடிந்த கிழமை, நல்ல மைக் ஒன்றைக் கைப்பைக்குள் வைத்து, மேலே பிஸ்கட் பக்கற்றை வைத்து, பையைத் திறந்தபடியே கொண்டுபோய் உங்கள் குசினியில் இருந்தேன். அம்மா கத்தியால் இறால் உரித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஒண்டுமே தெரிஞ்சிராதாம் மகள். விழுந்தான், போயிட்டான். என்ட புள்ளைக்கு நோகல்ல. அந்தளவு போதும் எனக்கு," என்றார். பிறகு சிரித்தார். "உண்ட கிட்டார அவன் மாரிகாலத்துத் தவள எண்டுதான் சொல்லுவான், தெரியுமா?"

நெடுநேரம் காத்திருந்தேன். அவனுடைய படங்களைக் காட்டினேன். பாட்டைப் போட்டேன். தலையாட்டி ரசித்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. டொக்டரின் அந்த ஒரு வார்த்தைதான் அவரைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதை எடுக்கவேண்டும்.

குரலை உயர்த்தாமல் சொன்னேன். டொக்டர் சொன்னது ஆறுதலுக்கு, அம்மா. கனநேரம் அவனுக்கு உயிர் இருந்தது. அந்தப் பக்கம் போன ஒருவர் கேட்டிருக்கிறார். அம்மா, அம்மா என்று கூப்பிட்டானாம். தண்ணீர் கேட்டானாம்.

"எந்த நேரம்?" என்றார்.

"நாடகம் போற நேரம்."

அவர் டிவியைச் சத்தமாக வைத்துப் பார்ப்பவர் என்பது எனக்குத் தெரியும்.

கத்தி அலுமினியச் சட்டிக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வந்தது. செத்தவீட்டு அழுகைபோல இல்லை. அதில் சொல்லே இல்லை. அடித்தொண்டையில் தொடங்கி, மேலே ஏறமுடியாமல் அங்கேயே உடைந்தது. நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். பையைக் காலால் கொஞ்சம் கிட்ட இழுத்தேன். எல்லாவற்றையும் கேட்டீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன்.

"இது செத்தவூட்டுல எடுத்ததா?" என்று, மேல்மாடியில் பதிவைப் போட்டுக்காட்டியதும் ஷாமில் கேட்டான்.

"ஓம்."

"அப்ப சோடா எங்க கா?"

"வெட்டிட்டன்."

கத்தி விழும் சத்தத்தைக் கேட்டு, "அல்லாஹ்வே, எடம் பாத்து விழுந்திரிக்கி," என்றான். அவனுடைய டிரம்ஸ் திரும்பத் தொடங்குவது அந்தச் சத்தத்தில் இருந்துதான். உண்மை தெரிந்தால் அன்றைக்கே போயிருப்பான். பாட்டும் நின்றிருக்கும்.

கல்லடிக் கடற்கரையில் வாசித்தபோது, அந்த இடம் வந்ததும் கத்திக்கொண்டு நின்ற சனம் அப்படியே அடங்கியது. நீங்களும் கட்டாரில் இருந்து எழுதினீர்கள். திரும்பத் திரும்பக் கேட்கிறேன், ஒவ்வொரு தரமும் அழுகிறேன் என்று. அது உங்கள் தாயின் குரல் என்று தெரிந்துதான் எழுதினீர்கள். அந்தக் குரலை எப்படி எடுத்தாய் என்று அப்போது நீங்கள் கேட்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன். மதுஷன் விட்டுப்போன இடத்துக்கு வரவேண்டியதைக் கொண்டுவந்தேன். அழுத சனத்தில் வேறு யார் அவனுக்காக அவ்வளவு செய்தார்கள்?

அம்மா டிவியைத் துணியால் மூடிவிட்டார், பொழுதுபட்டால் போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு அந்த வளைவில் போய் நிற்கிறார் என்கிறீர்கள். நான் சொன்னது பொய் என்று என் வாயாலேயே அவரிடம் சொல்லவேண்டும் என்கிறீர்கள். நீங்கள் சொன்னால் நம்பமாட்டார். "அஜந்தா மட்டும்தான் எனக்கிட்ட உண்மையச் சொன்னவள்," என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். நான் சொன்னால் நம்புவார். சொல்லத்தான் போகிறேன். இன்னும் சில பாட்டுகள் இருக்கின்றன, அவை முடியட்டும்.

அதுவரை அவரைத் தனிய விடமாட்டேன். உங்கள் லீவு முடிந்துவிடும், நீங்கள் போய்விடுவீர்கள். நான் வழமைபோல வெள்ளிக்கிழமை வந்து, குசினியில் அவருக்குப் பக்கத்தில் இருப்பேன். பை திறந்துதான் இருக்கும். பிஸ்கட்டை எடுத்துக்கொடுக்க அதுதான் சுகம்.