மூட்டை சுமந்து வந்தவன்

பொழுது சாய்ந்து இருட்டுகிற நேரம்... படகுத்துறையிலிருந்து மேட்டு வீடுகளுக்கு ஏறும் கல்பாதை. இரண்டு பக்கமும் உருளைக்கிழங்குக் கொல்லை, தோண்டி முடித்த வெறும் மண். ஆள் நடமாட்டம் கிடையாது. அந்தப் பாதையில் அன்று ஏறி வந்தவர்கள் இரண்டு பேர் என்று குமெர்சிந்தா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

குமெர்சிந்தா என் கூட்டாளி எவரிஸ்தோவின் அக்கா. கபாச்சிகா முனையில், ஏரியைப் பார்த்த வீடு. அந்தத் துறைக்குத் தினமும் படகு ஓட்டியவன் நான். அதனால் கதை விடுகிறேன் என்று எவனும் வாயைத் திறக்க வேண்டாம். ஏய் பெலாஜியா, போர்வையை இழுக்காதே, எனக்கும் குளிர்கிறது. காற்று அடங்குகிற வரைக்கும் படகு இந்த நாணலை விட்டு நகராது. கேட்க விருப்பமில்லாதவர்கள் இறங்கித் தண்ணீரில் நடந்து போகலாம்.

அங்கே முதுகில் மூட்டை மாட்டிக்கொண்டு வருகிற வெளியூர்க்காரர்களை வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தங்கவைப்பார்கள். அன்று குமெர்சிந்தாவின் முறை. புருஷன் ஆட்டுத்தோல் விற்கப் புனோவுக்குப் போயிருந்தான். வீட்டில் அவளும் மகள் நீல்டாவும் மட்டும். நீல்டாவுக்குப் பால்பல் விழுகிற வயது. கொழுகொழுவென்று இருப்பாள். தூக்கி இடுப்பில் வைத்தால் நமக்கு மூச்சு வாங்கும்.

அந்த வருஷம் கரிசிரி பயம் எல்லாருக்கும். தூங்குகிறவர் வயிற்றிலிருந்து கொழுப்பை உருவிக்கொண்டு போய்விடுவானாம். வலிக்காது. ரத்தம் வராது. ஆள் மட்டும் நாளுக்கு நாள் வற்றி, கடைசியில் செத்துப்போவான். இப்போதெல்லாம் அவன் வெள்ளைக்காரனாக வருகிறான், கையில் மிஷின் வைத்திருக்கிறான் என்று சந்தை முழுக்க இதே பேச்சு.

வந்தவர்களில் முன்னால் வந்தவன் வெள்ளைக்காரன். செம்பட்டைத் தாடி. மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் வாயைப் பிளந்துகொண்டு வந்தான். பின்னால் அவன் மூட்டையைச் சுமந்துகொண்டு நம்ம ஆள் ஒருவன். பழுப்புப் போஞ்சோ, நார்ச்செருப்பு, அடக்கமான முகம். வழிகாட்டி என்று நினைத்தாள்.

விருந்தாளிக்குத் தனி அறை. வழிகாட்டி எப்போதும் அடுப்படியில், வீட்டு ஆட்களோடு. அதுதானே வழக்கம்? நம்ம ஆளைக் குளிரில் வெளியிலா படுக்கவைப்போம்?

வெள்ளைக்காரன் சூப்பை இரண்டு தட்டு குடித்தான். வழிகாட்டி தொடவில்லை.

“வழியிலயே சாப்ட்டாச்சுக்கா. புள்ளைக்குக் குடுங்க. நல்லா சாப்பிடட்டும்.”

அப்படியொரு இனிப்பான பேச்சு. நம்ம கெச்சுவா, ஒரு சொல் பிசகாமல். குமெர்சிந்தாவுக்கு அவனைப் பிடித்துப்போனது. எந்த ஊர் என்று கேட்டிருக்கிறாள். “பக்கத்துலதான்” என்று சிரித்தானாம்.

விளக்கை அணைத்தாயிற்று. சாணி நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. வெளியே நாய்கள்கூடக் குரைக்கவில்லை... கொஞ்ச நேரத்தில் ஒரு வாடை. உருகிய மெழுகும் ஆட்டுக்கொழுப்பும் கலந்த வாடை. குமெர்சிந்தா கண்ணைத் திறக்கப் பார்த்தால் இமை ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. எங்கேயோ யாரோ ஜெபம் முணுமுணுக்கிற மாதிரி இருந்தது.

அப்போதுதான் தோளைத் தொட்டு எழுப்பினான் வழிகாட்டி.

“அக்கா... அந்த ரூம்ல சத்தம் கேக்குதா?”

கேட்டது. விருந்தாளி அறையில், கதவுக்குப் பின்னால்... ர்ர்ர்ர்... ர்ர்ர்ர்... மிஷின்.

நீல்டாவைத் தொட்டுப் பார்த்தாள். பிள்ளை முனகினாள், எழுந்திருக்கவில்லை. உலுக்கினாலும் எழுந்திருக்கவில்லை.

“நீங்க போய் ஆளுங்களக் கூப்புடுங்கக்கா. புள்ளைய நான் பாத்துக்கறேன்” என்றான் அவன்.

போனாள். போகாமல் என்ன செய்வாள், சொல்லுங்கள்? நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். யார் சொன்னாலும் பல்லை உடைப்பேன்.

ஊரே திரண்டது. தகரத்தைத் தட்டிக்கொண்டு, கவணும் கல்லுமாக வந்தார்கள். கதவை உதைத்துத் திறந்தால், வெள்ளைக்காரன் கால்சட்டை மட்டும் போட்டுக்கொண்டு, காற்றுமெத்தைக்குச் சின்ன மோட்டாரால் காற்றடித்துக்கொண்டிருக்கிறான். யார் கேட்டது காற்றா கொழுப்பா என்று? பூண்டை நசுக்கி மூஞ்சியில் எறிந்தார்கள். நாயை ஏவினார்கள். தாடியைப் பிடித்து இழுத்துப் பாதையில் தள்ளினார்கள்.

“என் பொண்ணை விடுடா! எடுத்ததத் திருப்பிக் குடுடா நாயே!” என்று கத்திக்கொண்டே துறைவரைக்கும் விரட்டினாள் குமெர்சிந்தா.

அவன் துறைக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். காலில் நாய்க்கடி. அரைகுறை ஸ்பானிஷில் அழுதான்.

“நான்... ஒண்ணும் செய்யல... அம்மா. வீட்டுக்காரரைக் கேளுங்க. உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க.”

“என் புருஷன் ஊர்லயே இல்லடா!”

“இருக்காரே... துறையில வந்து நின்னாரு. என் மூட்டையைத் தூக்கிட்டு வந்தாரு. அடுப்படியில படுத்திருக்காரே...”

தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்திவிட்டான்.

அன்று அந்தப் படகை ஓட்டி வந்தவன் நான். அந்தத் துறையில் நான் இறக்கிவிட்டது வெள்ளைக்காரனை மட்டும்தான். கரையில் ஒருவன் போஞ்சோவை இழுத்துப் போர்த்திக்கொண்டு காத்திருந்தான். வீட்டு ஆள்தான் கூப்பிட வந்திருக்கிறான் என்று நானும் நினைத்தேன். வேறு என்ன நினைப்பது?

குமெர்சிந்தா திரும்பி ஓடினாள். அந்த மேட்டில் ஆட்டுக்கே இரைக்கும், அவள் ஓடினாள். முழங்கால் கிழிந்ததுகூடத் தெரியவில்லை. அடுப்படிக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. உள்ளே அதே முணுமுணுப்பு, அவசரமே இல்லாமல்... இவள் கதவை இடிக்க இடிக்க, அது தன்பாட்டுக்கு ஜெபத்தை முடித்து, ஆமென் சொல்லி நின்றது.

கதவை உடைத்தார்கள். நீல்டா மட்டும் படுத்திருந்தாள். கழுத்துவரைக்கும் போர்வை, யாரோ அக்கறையாகப் போர்த்திவிட்டிருந்தார்கள். அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. சன்னலும் கிடையாது.

போர்வையை விலக்கி, சட்டையைத் தூக்கினாள். தொப்புளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. நூல் கனம். ரத்தம் இல்லை.

காலையில் நீல்டா எழுந்து விளையாடினாள். “அந்த மாமா போயிட்டாராம்மா?” என்று கேட்டாளாம். பிறகு சோறு இறங்கவில்லை. பிறகு நடக்கவில்லை. கரிசிரி தொட்டதற்கு அதுதான் மருந்து என்று கறுப்பு ஆட்டின் நஞ்சுக்கொடியைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். டாக்டரிடமும் தூக்கிப் போனார்கள். அவர் ஊசியை வைத்துக்கொண்டு, குத்துவதற்குச் சதை தேடினார். பெற்றவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்... வேண்டாம், அதை நான் சொல்லப்போவதில்லை. எனக்கும் பெண் இருக்கிறாள்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை, ஏரியில் அலை விடவில்லை. எவரிஸ்தோ போனான். இனிச் சொல்வது அவன் வாயால் கேட்டது. குடித்திருந்தானா என்று கேட்காதே பெலாஜியா. குடிக்கவில்லை.

சின்ன வெள்ளைப் பெட்டி. சொந்தக்காரர்கள் தோள் மாற்றிச் சுமந்து மேட்டுக் கல்லறைக்கு ஏறினார்கள். எவரிஸ்தோ முன்னால். குமெர்சிந்தாவைப் பெண்கள் பின்னால் தாங்கிப் பிடித்து வந்தார்கள், அவள் தலை நிமிரவில்லை. பாதி வழியில் பின் தோள் மாறியது. யாரோ புதிதாக வந்து தோள் கொடுத்தார்கள். பெட்டி அசையாமல் போனது, பழகின தோள்.

இரவு சூப்பு குடிக்கும்போதுதான் பேச்சு வந்தது. குமெர்சிந்தாவின் புருஷன் வீட்டார், “உங்க ஆளு ஒருத்தர் கடைசிவரைக்கும் சுமந்தாரே, சாப்பிடக் கூப்பிடலையா?” என்று கேட்டார்கள். எவரிஸ்தோ தட்டைக் கீழே வைத்துவிட்டான். அவர்கள் ஆள் என்று அவன் நினைத்திருந்தான்.

முகத்தை அவன் பார்க்கவில்லை. குரலை மட்டும் கேட்டிருக்கிறான். ஏற்றத்தில், காதுக்குப் பின்னால், இனிப்பான கெச்சுவாவில் அந்த ஆள் சொன்னானாம்...

“கனமே இல்ல பாருங்க. பாவம்... நல்லா சாப்பிட்ட புள்ளை.”