வெறுங்காலோட ஏறுங்கோ

இல்லைத் தம்பி, உங்கட ஹொட்டேல் விளம்பரத்தில மற்ற எதை வேணுமெண்டாலும் வெட்டுங்கோ, எனக்கு ஒண்டுமில்லை. நீச்சல் குளத்தைப் பற்றி எழுதினது நீளம்தான், பாதியாக்குங்கோ. நண்டுக் கறியும் போகட்டும். அந்தச் சப்பாத்து வரியை மட்டும் விட்டுடுங்கோ. ஓம், அதுதான். மணல் மேட்டில ஏற முன்னம் சப்பாத்தைக் கழற்றிப் போட்டு வெறுங்காலோட ஏறுங்கோ எண்டு எழுதினது.

ஏனெண்டோ? வாற ஆக்களுக்குப் பிடிக்கும் தம்பி. கொழும்பில இருக்கிறவைக்கு வெறுங்காலோட மண்ணை மிதிக்க எங்க கிடைக்குது? காலமையில அந்த மணல் அப்பிடிக் குளிரும். நீங்களே பாருங்கோ, இந்த மணலுக்குள்ள கறுப்புச் சப்பாத்தும் காலுக்கு மேசும் போட்டுக்கொண்டு திரியிறியள், பார்க்கப் பாவமாக் கிடக்கு.

எனக்கு எப்பிடித் தெரியுமோ? நான் இந்தப் பக்கத்து ஆள்தானே.

விளம்பரம் எழுதப் படிச்சதோ? ஐயோ, இல்லை. மண்டபம் அகதி முகாமில இருக்கேக்க ராமநாதபுரத்தில ஒரு துணிக்கடைக்குச் சீலை மடிக்கிற வேலைக்குப் போனனான். முதலாளி ஒருநாள் நோட்டீசுக்கு வசனம் வராம மண்டையைச் சொறிஞ்சுகொண்டு நிண்டார். நான் ரெண்டு வரி சொன்னன். அதுக்குப் பிறகு அந்தக் கடையின்ர ஆடித் தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் எல்லாம் என்ர எழுத்துத்தான். திரும்பி வந்து இஞ்ச ஒரு புடவைக் கடைக்காரர் கேக்க, பழக்கதோசத்தில அவருக்கும் ஆடித் தள்ளுபடி எண்டு எழுதிக் குடுத்திட்டன். மனிசன் நல்லா ஏசிப்போட்டார். மடு மாதா திருவிழாவுக்குச் சனம் உடுப்பெடுக்கிற மாசம், அப்ப ஆரும் விலை குறைப்பினமோ எண்டு. சரிதானே, எனக்கு எங்கட ஊர் மறந்து போச்சு.

நீங்கள் சொன்னதை யோசிச்சனான் தம்பி. உங்கட கொம்பனியின்ர மற்ற ஹொட்டேல்களுக்கும் எழுதுறது, வீட்டில இருந்தே இதை ஒரு தொழிலாச் செய்யிறது. மொண்டிசோரியில படிப்பிக்கிறது சின்னச் சம்பளம் எண்டாலும் மாசம் பிறந்தா வரும். இது வந்தா உண்டு, வராட்டி இல்லை. என்ர மனுசன் வலன்ரைன் சொல்லுது, கடலுக்குப் போறதும் அப்பிடித்தானே அகஸ்ரினா, எங்களுக்குப் பழகின பிழைப்புத்தானே எண்டு. இப்பவும் என்னை ஏத்திக்கொண்டு வந்தது அந்தாள்தான். உள்ளுக்கு வாவன் எண்டு கூப்பிட்டனான், வரேல்லை. மோட்டச்சைக்கிளோட றோட்டில நிக்குது. இந்தக் கரைப் பக்கமே வராது.

எனக்கும் பயமோ எண்டோ? இல்லைத் தம்பி. பல்லுப் பிடுங்க விறைப்பூசி போட்டா, கன்னம் இருக்கும், ஆனா ஆற்றையோ கன்னம் மாதிரிக் கிடக்குமெல்லோ, எனக்கு எல்லாம் அப்பிடித்தான். எழுதுறதுக்கு அது வசதியாக் கிடக்கு. ஆளில்லாத கரை, மனிசக் காலடி படாத மணல் எண்டு வேணுமெண்டனீங்கள். ஒரே இருப்பில இருந்து எழுதித் தந்தனான்தானே.

இந்த மேசையில அடிச்சிருக்கிற நீலப் பலகைக்கும் எழுதினனான். மேட்டைத் துப்பரவாக்கேக்க மணலுக்குள்ள கிடந்ததெண்டு சொன்னனீங்கள். கடலோடின மரம் எண்டு போட்டிருக்கிறன். அது பொய்யில்லை.

எது? மெழுகுதிரி மாலை எண்ட நிகழ்ச்சியோ? ஓம், நவம்பர் ரெண்டாந் தேதி எண்டுதான் எழுதினனான். மழைக்காலம், தெரியும். கனபேர் வராயினம், அதுவும் தெரியும். வாற ஒண்டு ரெண்டு பேர் காணும். மழை விட்ட நேரமாப் பார்த்து ஆளுக்கொரு திரியைக் கொளுத்தி மேட்டில வைக்கட்டும். படமெடுத்தா நல்ல வடிவா இருக்கும்.

டிசம்பருக்கு மாத்துறதோ? வேண்டாம் தம்பி. நத்தார் சீசன்தான், ஆக்கள் வருவினம்தான். டிசம்பரில கொளுத்தி அவையளுக்கு என்ன பிரியோசனம்?

அவையளுக்குத்தான்.

நீங்கள் சைவம் என்ன? அதுதான் தெரியேல்லை. நவம்பர் ரெண்டு கத்தோலிக்க ஆக்கள் எங்களுக்கு ஆத்துமாக்கள் திருநாள். செத்த ஆக்களின்ர குழியில திரி கொளுத்துற நாள். கடைசிச் சண்டைக்குள்ள பிரேதத்தைப் பங்குச் சேமக்காலையில அடக்கம்பண்ணக் கொண்டுபோக வழியில்லை, ஷெல் விழுந்துகொண்டிருந்தது. செத்தவையை இந்த மேட்டிலதான் தாட்டனாங்கள். குருசு அடிக்க மரத்துக்கு எங்க போறது? உடைஞ்சு கிடந்த வள்ளங்களைப் பிரிச்சு அந்தப் பலகையில அடிச்சம். எங்கட வள்ளத்துக்கு நீலம்தான் பூசியிருந்தது. பிறகு ஆரோ ஒருத்தரின்ர வள்ளத்தில ஏறி அங்கால இந்தியாவுக்குப் போயிட்டம்.

இல்லையில்லை, எழும்பாதேங்கோ, இருங்கோ. மேசையில இருந்து கையை எடுக்கவும் தேவையில்லை. நான் சண்டைபிடிக்க வரேல்லை. காணி உறுதிப் பத்திரம் உங்களிட்டச் சரியாத்தான் இருக்காம், விசாரிச்சனாங்கள். குழிக்கு ஆர் உறுதி எழுதினது?

முதலே சொல்லியிருக்கலாம்தான். சொன்னா என்ன செய்வியள்? பிரேதம் கிடக்கிற இடமெண்டு தெரிஞ்சா ஒருத்தரும் தங்க வராயினம். உங்கட மேலிடத்து ஆக்கள் டோசரைக் கொண்டுவந்து மேட்டைத் தட்டிப்போடுவினம். அதுதான் விளம்பரமா எழுதிப் பார்த்தனான். நீங்கள் வெட்டத்தான் வேணுமெண்டு நிண்டபடியாத்தான் இப்ப வாயைத் திறந்தனான். இனி உங்கட கையில.

தொழிலோ? ஓம், செய்யிறன். மொண்டிசோரியை விடுறன். உங்களுக்கு என்ன மாதிரி வேணுமோ அந்த மாதிரி எழுதித் தாறன், ஆளில்லாத கரை எண்டாலும் சரி. சப்பாத்து, மெழுகுதிரி, இந்த ரெண்டு வரியும் கிடக்கட்டும்.

எங்கட ஆக்களும் இதில கிடக்கினமோ எண்டோ? ஓம். மகள். ஜெனிஸ்ரா எண்டு பேர். தாழைப் பத்தைக்கு இங்கால, நீங்கள் சாய்கதிரை போட்டிருக்கிற இடம். காலமை அதில நிண்டுதான் எனக்குக் கடலைக் காட்டினனீங்கள்.

சின்னப் பிள்ளை தம்பி. சப்பாத்துக் கால் பாரம்.

சரி, மற்ற ஹொட்டேலின்ர படங்களைத் தாங்கோ. மனுசன் வெயிலுக்க நிக்குது.