ராசா மலையிலேயே இருக்கட்டும்

நஸீம்: கண்டிக்குள்ள வந்தாச்சு, சர்வேயர் ஐயா! அரண்மனயும் எண்ட கையில. இந்தக் கம்பியூட்டர் ஆட்டத்துல மவுஸ எங்க தட்டினாலும் ராசாவக் காணல்லயே... எங்க ஒளிச்சீக்கிறீங்க?

ஸ்ரீஸ்கந்தராசா: ஹுன்னஸ்கிரிய மலையிலை. ஏறிப் பிடியும்.

நஸீம்: இது என்ன ஞாயம்? எண்ட பறங்கிப் படைக்கு பீரங்கி ஈக்கி, குதிர ஈக்கி. இவ்வளவையும் இழுத்துக்கிட்டு வந்தா ஊருக்குள்ள ஒரு கோழி கூட இல்ல!

ஸ்ரீஸ்கந்தராசா: எத்தினை வருசமா நான் கத்தின முறைப்பாடு! ராசாப் பக்கம் லேசு, பறங்கிப் பக்கம் கஷ்டம், ஆட்டம் சமனில்லை எண்டு. நீர் இந்தக் கதிரையிலை சாய்ஞ்சு சிரிச்சீர்.

நஸீம்: அப்ப ராசா நானெல்லோ.

ஸ்ரீஸ்கந்தராசா: இந்த ஆட்டத்துக்குக் கண்டி வரைபடத்தைக் கீறினது நான். மழையைப் போட்டது நீர். கூட்டிக் கூட்டிப் போட்டு, என்ரை வெடிமருந்தெல்லாம் கஞ்சியாப் போச்சுது.

நஸீம்: சரி, பேசித் தீப்பம். மழய பாதியாக்குறேன்.

ஸ்ரீஸ்கந்தராசா: இண்டைக்கு நனையிறது உம்மடை படை. குறைச்சா லாபம் ஆருக்கு?

நஸீம்: அல்லாவே... பிடிச்சிட்டீங்க. கால்வாசி?

ஸ்ரீஸ்கந்தராசா: ஒரு துளியும் குறையாது.

நஸீம்: எங்கட வாப்பாட புடவக் கடயில நீங்க நிண்டீந்தா, இண்டைக்கு நாங்க எங்கயோ! அது சரி... லேசான பக்கம் ஆம்பிளைக்கு அழகில்லண்டு சொல்ற ஆள், இண்டைக்கு வந்ததும் ராசாவத் தா எண்டு எனத்துக்கு அடம்புடிச்ச?

ஸ்ரீஸ்கந்தராசா: களைப்பு, ஐசே... போன் அடிக்குது. எடும்.

நஸீம்: ஹலோ... ஆ, பஸீஹா.

பஸீஹா (நஸீமின் மனைவி, தொலைபேசியில்): சர்வேயர் ஐயா உங்கட கடயிலயா?

நஸீம்: ஓ. முன்னுக்குத்தான்.

பஸீஹா: அனுப்பிப் போடாதீங்க. நம்மட வளவச் சுத்தி ஆமி இன்னும் நிக்கிது. அவர் வாடகைக்கு ஈக்கிற ரூமயும் தட்டிப் பாத்தாங்க. ஐடென்டிகாட் இல்லாதவங்கள லொறியில ஏத்துறாங்களாம்.

நஸீம்: சரி, சரி... அந்தச் சாமான் இப்ப எடுக்கத் தேவல்ல. வைங்க.

ஸ்ரீஸ்கந்தராசா: என்ன சாமான்?

நஸீம்: பருப்பு.

ஸ்ரீஸ்கந்தராசா: பருப்புக்கு ஏன் முகம் வெளுத்தது?

நஸீம்: வில அப்பிடி... உங்கட தொலஞ்ச ஐடென்டிகாட்டுக்குப் புதுசு வந்திச்சா?

ஸ்ரீஸ்கந்தராசா: இல்லை. சண்டை திரும்பத் தொடங்கின நேரம் பாத்துத் துலைச்சனான், பாரும் என்ரை கெட்டித்தனத்தை. சரி... நான் வெளிக்கிடட்டே? சாப்பாடு ஆறிப்போம்.

நஸீம்: எங்க வெளிக்கிடுற! ஆட்டத்தப் பாதியில உட்டுட்டா?

ஸ்ரீஸ்கந்தராசா: அப்ப தோல்வியை ஒத்துக்கொள்ளும்.

நஸீம்: மாட்டேன். பாருங்க, படய மலைக்கு ஏத்துறேன்.

ஸ்ரீஸ்கந்தராசா: முந்தியும் ஏத்தினீர். அரைவாசியிலை இறக்கினீர்.

நஸீம்: அவனுகளுக்குக் கால் வலிக்கி.

ஸ்ரீஸ்கந்தராசா: ஊரைக் கொளுத்திப்போட்டுக் கொழும்புக்குத் திரும்பினா ஆட்டம் முடிஞ்சுது. ஏன் வெறும் நகரத்திலை குந்திக்கொண்டிருக்கிறீர்?

நஸீம்: நீங்க மட்டும்? எண்ட படை பசியில சாகுது. ராசா இறங்கி வந்தா ஒரே அடி. இறங்குங்களேன்!

ஸ்ரீஸ்கந்தராசா: மாட்டன். படை ஊரை விட்டுப் போகட்டும்.

நஸீம்: இப்பிடிப் பயந்த ராசாவ நான் கண்டதில்ல.

ஸ்ரீஸ்கந்தராசா: உயிரோடை இருக்கிற ராசா, தம்பி.

நஸீம்: இருக்கட்டும், இருக்கட்டும்... பிளேன்டீ குடிங்க. இந்தாங்க, கருப்பட்டித் துண்டு. இன்னொண்டும் எடுங்க.

ஸ்ரீஸ்கந்தராசா: ஒரு துண்டையே நாலா உடைச்சுத் தாற ஆள்... இண்டைக்கு முழுசா ரெண்டோ? பாரும், போன்.

நஸீம்: ஹலோ! சொல்லுங்க...

பஸீஹா (தொலைபேசியில்): போயிட்டாங்க! லொறியெல்லாம் கட்டுகஸ்தோட்டப் பாலம் தாண்டிட்டு. எங்கட பக்கம் யாரயும் ஏத்தல்ல. அவருக்கும் சேத்துச் சோறாக்கீக்கிறேன், கூட்டிக்கிட்டு வாங்க.

நஸீம்: அல்ஹம்துலில்லாஹ்!

ஸ்ரீஸ்கந்தராசா: என்ன... பருப்பு விலை இறங்கிட்டுதோ?

நஸீம்: அடியோட இறங்கிட்டு! ஐயா, கோவிக்காதீங்க... காலையிலேர்ந்து உங்கட ரூமடியில சுத்திவளைப்பு. சொன்னாப் பதறுவீங்க, பதறினா வெளிய ஓடுவீங்க. அதுக்குத்தான் ஆட்டத்த இழுத்த. இல்லாட்டி யாவாரிட மகன் இவ்வளவு நஷ்டத்துல விளாடுவானா? நல்ல காலம், உங்களுக்கு ஒண்டும் வெளங்கல்ல.

ஸ்ரீஸ்கந்தராசா: காலமை பாலத்தடியிலை ஆமி லொறியைக் கண்டிட்டுத்தான் பின்பாதையாலை இஞ்சை ஓடி வந்தனான், நஸீம். வெளிக்கிடட்டே எண்டு கேட்டது உம்மடை வாயைக் கிளறத்தான். இல்லாட்டி, பறங்கிப் படையைத் தவிர வேறை ஒண்டையும் தொடாதவன், ராசாவைத் தாரும் எண்டு உம்மட்டைக் கேப்பனோ?