பன்னிரண்டில் ஏழாம் தாள்

உங்கள் மேசை இடப்பக்கம் நான்கு மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது, இன்ஸ்பெக்டர். குறை சொல்லவில்லை. தேநீர்க் கோப்பை என் பக்கமாக நகர்ந்துகொண்டே வந்ததால் சொன்னேன்.

என் பெயர் லோம்பே. இங்கே கிட்வேயில், சுரங்கங்களுக்குத் தண்ணீர்த் தொட்டி செய்யும் பட்டறையில் ஒன்பது வருடமாக வரைபடக்காரன். தொட்டியை முதலில் கணினியில் முழுதாகக் கட்டிவிடுவேன். பிறகு அதைப் பிரித்து, அடித்தகடு ஒரு தாள், சுற்றுத்தகடு ஒரு தாள், கூரை ஒரு தாள் என்று பன்னிரண்டு தாள்கள் எடுப்பேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு கட்டம் உண்டு: வரைந்தவர், சரிபார்த்தவர். வரைந்தவர் நான். சரிபார்த்தவர் திரு. சிபோயா. பிறக்கும்போதே கையில் சிவப்புப் பேனாவோடு பிறந்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

பட்டறைச் சுவரில் 'தாளில் இல்லாதது இரும்பில் இருக்கக் கூடாது' என்று ஆளுயரத்துக்கு எழுதிவைத்ததும் அவர்தான். வெல்டர்களின் தலைவி நமுகொலோ ஒருமுறை, தூக்க வசதியாக இருக்கட்டுமே என்று ஒரு வளையத்தைத் தானாகவே ஒட்டிவிட்டாள். எல்லோர் முன்னாலும் அவள் கையாலேயே அதை அறுத்தெடுக்க வைத்தார். அதன்பிறகு தாள் இல்லாமல் அவள் இரும்பில் சாக்பீஸ் கோடுகூடப் போடுவதில்லை.

என் அப்பாவின் சாவை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அது நடந்து நான்கு வருடம் ஆகிறது. எங்கள் ஊர் கசாமாவுக்குப் பேருந்து பத்து மணிக்கு. ஒன்பதரைக்கு சிபோயா இருபத்திரண்டு தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். என் கையெழுத்தின் வால் கட்டத்தைத் தாண்டியிருந்ததாம். எல்லாவற்றையும் மறுபடி அச்சடித்து, மறுபடி கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தபோது மணி பன்னிரண்டு. மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவைப் புதைத்த மண் காய்ந்துவிட்டிருந்தது. சிபோயா செய்தது சரிதான். வால் தாண்டித்தான் இருந்தது, மூன்று மில்லிமீட்டர்.

சென்ற செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். அவருக்கு ஒரு பழக்கம். கூரையைப் பற்றவைக்கும்போது தொட்டிக்குள்ளேயே நிற்பார். எந்த இடுக்கிலாவது வெளிச்சம் கசிகிறதா என்று உள்ளிருந்து பார்த்தால்தான் அவருக்கு மனசு ஆறும். கூரை முடிந்ததும் பக்கவாட்டில் ஆள் நுழையும் வழியை வெட்டுவார்கள், அதன் வழியாக வெளியே வருவார். அந்த வழி ஏழாம் தாளில் இருக்கிறது. அன்று காலை ஏழாம் தாளை மட்டும் ஓர் அம்புக்குறிக்காகத் திருப்பியிருந்தார். "மத்தியானத்துக்குள்ள குடுத்துடு, லோம்பே" என்று சொல்லிவிட்டு ஏணியில் உள்ளே இறங்கினார்.

நான் கொடுக்கவில்லை. கூரை இறங்கியது.

சாப்பாட்டு நேரத்தில் உள்ளே தட்டுகிற சத்தம் கேட்டது. "நமுகொலோ! வழி எங்கம்மா?"

"ஏழாம் தாள் வரல ஐயா."

"வரலைன்னா என்ன, வெட்டு!"

"தாளில்லாம வெட்டவா? சுவத்துல எழுதினது யாரு, நானா?"

உள்ளே இருந்தவர் தட்டுவதை நிறுத்தினார். பிறகு, "வெட்டாதே. நீ சொல்றது சரிதான்" என்றார். அந்த நிமிடம் அவர்மேல் எனக்கு மரியாதை கூடியது என்பதை மறைக்க மாட்டேன்.

அரை மணி நேரத்தில் ஏழாம் தாளைச் சுருட்டி, பக்கத்தில் இடுப்பு உயரத்தில் இருந்த, தண்ணீர் நிரப்பும் சாய்வுக் குழாய் வழியாக உள்ளே தள்ளினேன். டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார். அம்புக்குறி சரி, மையக்கோடு தப்பு. மையக்கோட்டைத் திருத்தினேன், தாளின் எண் தப்பாயிற்று. எண்ணைத் திருத்தினேன், ஒரு துளையின் அளவு விட்டுப்போயிருந்தது. தடவைக்கு ஒரு தப்பு, அதற்கு மேல் வைத்ததில்லை. ஆமாம், நான்தான் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டு அவர் கையெழுத்துப் போட்டிருந்தால் அன்றே வெளியே வந்திருக்கலாம். யார் தடுத்தது?

அவரைப் பட்டினி போட்டோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுநாள் அவர் மனைவி சோளக் களியும் கருவாடும் கொண்டுவந்தார். களி குழாயில் இறங்கவில்லை. கஞ்சியாகக் கரைத்து ஊற்றினார். "வீட்டுல உப்பு ஒரு கல்லு கூடினா தட்டு திரும்பி வந்துடும். இப்பப் பாரு, ஊத்துறதெல்லாம் சத்தமில்லாம உள்ள போகுது" என்றார். வெயிலில் தொட்டி சுடாமல் இருக்க நமுகொலோ ஈரச் சாக்குப் போட்டாள். மனிதாபிமானத்தில் எங்கள் பட்டறை குறைந்ததில்லை.

வெள்ளிக்கிழமை முதலாளி என்னைத் தற்காலிகச் சரிபார்ப்பாளர் ஆக்கினார். மற்ற வேலைகள் தேங்கி நின்றன, அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் நான் வரைந்ததை நானே சரிபார்க்கக் கூடாது, அதுவும் சிபோயா போட்ட விதி. அதனால் ஏழாம் தாளை உள்ளிருந்தே தான் வரைவதாக சிபோயா சொன்னார். வெள்ளைத் தாளும் பென்சிலும் அளவுகோலும் அனுப்பினோம். ஞாயிறு முழுக்க வரைந்தார். திங்கள் காலை குழாய் வழியாகத் தாள் வந்தது. என்ன சுத்தமான கோடுகள், இன்ஸ்பெக்டர்! இருட்டில், மண்டிபோட்டு, வளைந்த இரும்பின்மேல் வைத்து வரைந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதைச் சரிபார்க்கும் முன்பே உங்கள் ஆட்கள் என்னை இங்கே கூட்டிவந்துவிட்டார்கள்.

பிறகு நேற்று அவர்கள் பட்டறைக்குத் திரும்பிப் போய் வெட்டச் சொன்னார்களாம். "துப்பாக்கி காட்டினீங்க, பாத்துட்டேன். கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டுங்க" என்று நமுகொலோ கேட்டாளாம். உள்ளேயிருந்து சிபோயாவும், "அவ சொல்றதுதான் முறை. லோம்பேகிட்டப் போங்க" என்று கத்தினாராம். கேட்கவே பெருமையாக இருக்கிறது. அதனால்தானே அந்தத் தாளை நீங்களே இங்கே எடுத்துவந்திருக்கிறீர்கள்.

கொடுங்கள், பார்க்கிறேன். எனக்கு யார்மேலும் பகை இல்லை. ஒன்பது வருடம் அவரிடம் கற்றதை மட்டும் செய்கிறேன்.

மையக்கோடு சரி. அளவுகள் சரி. எண் சரி. இதோ, இந்த மூலையைப் பாருங்கள். வரைந்தவர் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்து. வால் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும்.

உங்களிடம் சிவப்புப் பேனா இருக்குமா?