மசூர் ஹாஜியாரின் நெஞ்சுக் கொழுப்பு

யாராவது வாய்க்கொழுப்பாகக் கதைத்தால் ஊரார் என் பெயரைத்தான் இழுப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. வாயில் நான் இருந்ததே இல்லை. நான் இருந்தது, கல்முனை பஸாரில் புடவைக்கடை வைத்திருந்த மசூர் ஹாஜியாரின் இதயத்தின் மேல், மெல்லிய போர்வையாக. அதைச் சூடாக வைத்து, பசித்த நேரம் தீனி கொடுத்ததும் நான்தான். எங்கள் இருவருக்கும் நடுவே சுவர் கிடையாது. ஒரே இரத்தக் குழாயில்தான் குடிப்போம்.

ஹாஜியார் ஒல்லி. ஸ்கேன் பார்த்த டொக்டர் என்னைப் பற்றிச் சொன்னபோது, தன் இடுப்புப் பட்டியை இழுத்துக் காட்டினார்.

"இந்த உடம்பில எங்க டொக்டர் கொழுப்பு? வேற ஆள்ர படத்தைப் பார்க்கிறீங்களோ?"

டொக்டர் சீனியையும் பொரியலையும் நிறுத்தி, தினமும் நடக்கச் சொன்னார். முதல் சொன்ன விலைக்கு எதையும் வாங்கிப் பழகாதவர் ஹாஜியார். நடை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்றானது. சீனி தேத்தண்ணியில் குறைந்தது, தின்னும் தொதல் இனிப்பில் அப்படியே நின்றது. டொக்டரை மடக்கிவிட்டதாகக் கடையில் சொல்லிச் சிரித்தார்.

மிச்சமெல்லாம் என்னிடம் வந்தது. திருப்பியனுப்ப எனக்கு வழியில்லை. பருத்தேன், வீங்கினேன், சூடேறினேன். என்னிடமிருந்து போகும் சின்னத் துணுக்குகளும் மாறிப்போயின. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத குமிழிகளில் ஏறி இதயத்தின் உயிர்க்கலங்களுக்குள் நுழையும். எதையும் செய் என்று அவை சொல்வதில்லை. கலம் ஒரு புரதத்தை ஆக்கப் போகும்போது 'வேண்டாம்' என்று தடுக்கும், அவ்வளவுதான். அது ஒரு குற்றமா?

குழாய்ச் சுவரைப் பழுதுபார்க்கக் கலங்கள் போயின, வேண்டாம் என்றேன். வீக்கத்தை அடக்கப் போயின. அதையும் வேண்டாம் என்றேன். தசை நாராக இறுகியது, குழாய் ஒடுங்கியது. போன சொல்லைத் திரும்பக் கூப்பிட எனக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் வீட்டு மாடிக்கு ஏறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். மனைவி றம்ஸியா ஓடி வந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவமே. மூச்செடுக்க ஏலாம இரிக்கிங்க."

"வேணாம் புள்ள. வாய்வு."

அந்த வேண்டாம் என்னுடையதல்ல, குறித்துக்கொள்ளுங்கள்.

அன்று பின்நேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது குழாய் அடைத்தது. றம்ஸியா நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அவள் கைக்கு நேர் கீழே நான் இருந்தேன், விலகத் தெரியாமல்.

மையத்து வீட்டுக்கு வந்தவர்கள் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். இழுத்துக்கொண்டாவது போயிருக்க வேண்டும், தன் பிழைதான் என்று அவள் அழுதாள். பாவம். உன் பிழையில்லை புள்ள, கொன்றது நான்தான். ஆனால் என்னளவுக்கு அவரைப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டவர் வேறு யாருமில்லை, நீ கூட.