சங்கு ஊதினால் எழுந்துவிடுகிறவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். கோத்தகிரி பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருஷனும் பெண்சாதியும் இருந்தார்கள். அவர் மடியில் கேமரா.

“மூணு நாள் லீவு போட்டுக் குருவியோட வாலைத்தான் எடுத்தீங்களா?”

“தேயிலைக்காட்டுல அசையாம உக்காந்திருந்தா, மத்தியானம் கிட்டவே வருது புள்ள. அந்நேரம் பார்த்து நம்ம பேக்டரி சங்கு ஊதுது. சோத்து நேரம்னு காலு தானா எந்திரிச்சுருது. குருவி பறந்துருது.”

“இருவது வருசப் பழக்கமுங்க, லேசுல போகுமா?” என்று அந்தம்மா வாயைப் பொத்திச் சிரித்தார்.

“லீவும் முடிஞ்சுது. படமில்லாமத்தான் திங்கக்கிழமை வேலைக்குப் போகோணும்.”

“நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. சங்கு ஊதாது.”

அவர் மப்ளர் நுனியால் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தார்.

அந்தப் பேக்டரிக்கு ஞாயிறு விடுமுறைதானா என்று தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள்.